மன்னிப்புச் சட்டி

சிவகாசிப் பக்கம் பிறந்து வெடிச் சத்தத்துக்குப் பயப்படுகிற ஒரே ஆள் நானாகத்தான் இருக்கும். போன வருடம் எங்கள் பங்கின் கோடைத் தியான முகாமில் நான் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது, பட்டாசுக் கம்பெனி போர்மேன் இருதயராஜ் பின்னாலிருந்து ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டார். நான் தாவிப் பங்குச்சாமியாரின் இடுப்பில் ஏறிவிட்டேன். அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு நான் ‘வெடி அங்கிள்’.

இந்த வருடம் பழிவாங்க வழி கிடைத்தது. மன்னிக்க முடியாதவரின் பெயரைத் தாளில் எழுதி மண்சட்டியில் எரிக்கும் சடங்குக்கு, முந்தின நாள் பெரியவர்கள் மட்டும் ஒத்திகை பார்த்தோம். கொளுத்த வேண்டியவர் இருதயராஜ். சட்டியின் அடியில் ஒரு வெடியை வைத்து, அவர் பெயர் எழுதிய தாளால் மூடினேன்.

சாமியார் தீப்பெட்டியை என்னிடம் நீட்டினார். “நீங்களே கொளுத்துங்க. உங்க பயமும் சேர்ந்து எரியட்டும்.”

உரசுகிறேன் என்று குச்சி குச்சியாக ஒடித்தேன்.

“அண்ணன் பெட்டியவே காலி பண்ணிருவாக சாமி. இங்கன குடுங்க” என்று வாங்கிய இருதயராஜ், குனிந்து தாளைப் பற்றவைத்தார். நான் ஆசைப்பட்டது அதைத்தான். ஆனால் அவர் முகம் சட்டிக்கு நேராக இருந்தது. “ஐயோ மாதாவே!” என்று அலறி, தீயணைக்க வைத்திருந்த வாளித் தண்ணீரைச் சட்டிமேலும் அவர்மேலும் கொட்டினேன்.

சொட்டச் சொட்ட நின்றவர், நனைந்த வெடியை எடுத்துப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

“என்னாச்சு?” என்றார் சாமியார்.

“ஒண்ணுமில்ல சாமி. அண்ணன் தீயப் பாத்துப் பயந்துட்டாக” என்று வெடியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மன்னிப்பதில் என்னை முந்திக்கொண்ட மனுஷனை எப்படி மன்னிப்பது? மறுநாள் முகாமிலும் அவர் பெயரைத்தான் எழுதினேன். சட்டியில் தாளை மட்டும் போட்டேன்.