உம்மாவுக்காக நான் பேசிய ஹிந்தி

எட்டு வயதில் எங்கள் வீட்டில் ஹிந்தி தெரிந்த ஒரே ஆள் நான்தான். வாப்பா வேலை பார்த்த தோல் பட்டறையில் முதலாளி முதல் கடைசி ஆள் வரை திருநெல்வேலிக்காரர்கள். அவருக்கு ஹிந்தி தேவைப்படவே இல்லை. உம்மா தாராவிக்கு வந்து ஒன்பது வருஷமாகியும் எங்கள் சந்துக்கு வெளியே யாரிடமும் பேசியதில்லை. நான் மட்டும் தண்ணீர்க் குழாயடியில் மல்லுக்கட்டியே ஹிந்தி கற்றிருந்தேன். வரிசையில் முந்துகிறவளைத் திட்டவும், கால் கிலோ வெங்காயம் கேட்கவும் அது தாராளமாகப் போதும். எனக்கோ அதில் சொல்லி முடியாத பெருமை.

அந்த மழைக்காலத்தில் உம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. இரண்டு நாள் பாயைவிட்டு எழவில்லை. மூன்றாம் நாள் எழுந்து சோறு பொங்கினாள். ஆனால் அடுப்பை ஊதும்போது நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினாள். குடத்தைத் தூக்கப் போனவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். தொழுகைப் பாயை விரிக்கவே இல்லை. மூலையில் தட்டுப் போட்டு மூடிய வாளி ஒன்று வந்து சேர்ந்தது. ஒரு நாள் தட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டேன். தண்ணீர் சிவப்பாக இருந்தது.

"புதுத்துணி, சாயம் போவுது. மூடுட்டி," என்றாள்.

எங்கள் சந்துச் சாக்கடையில் பட்டறைச் சாயம் தினம் ஒரு நிறத்தில் ஓடும். அதனால் நம்பினேன். ஆனால் சாயம் போய்க்கொண்டே இருந்தது. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்றாவது வாரமும். உம்மாவின் உதடு வெளுத்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டதும் சந்து முனையிலிருந்து வீட்டுக்கு ஓட ஆரம்பித்தேன், அவள் இருக்கிறாளா என்று பார்க்க. 

ஒரு நாள் காலை தம்பியைப் பக்கத்து வீட்டு மாமியிடம் விட்டுவிட்டு, "மாஹிமுக்குப் போவணும், நீயும் வா," என்றாள். மாட்டுங்காவில் தமிழ் பேசும் டாக்டரம்மா ஒருவர் இருந்தார். அங்கே போனால் எங்கள் சந்துப் பெண்கள் யாராவது உட்கார்ந்திருப்பார்கள், விஷயம் பரவிவிடும் என்று அவளுக்குப் பயம். தமிழ் தெரியாத டாக்டரிடம் போனால் ரகசியம் தங்கும். அதற்குத்தான் நான்.

மாஹிமில் இருந்தவர் மராட்டி டாக்டரம்மா. நல்ல கூட்டம். உம்மாவின் வெள்ளைத் துப்பட்டியைப் பார்த்து, முஸ்லிம் பெண்ணுக்கு ஹிந்தி தெரியாதா என்று ஆச்சரியப்பட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். உம்மா அடிவயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

"பச்சா கிர் கயா க்யா?" என்றார் டாக்டரம்மா.

பிள்ளை விழுந்துவிட்டதா என்று கேட்கிறார். எனக்கு ஒரே வியப்பு. முந்தின வெள்ளிக்கிழமைதான் தம்பி தண்ணீர் டிரம்மிலிருந்து விழுந்து நெற்றியை உடைத்துக்கொண்டிருந்தான். உம்மாவைக் கேட்காமலே, ஆமாம், வெள்ளிக்கிழமை என்று ஹிந்தியில் பளிச்சென்று சொன்னேன். டாக்டரம்மா விரல்விட்டு எண்ணினார். ஐந்து நாள்தானே, பத்து நாளைக்கு இப்படித்தான் இருக்கும், படுத்து ஓய்வெடுக்கட்டும் என்றார். ஓய்வெடுக்க வேண்டுமாம் என்று மட்டும் உம்மாவுக்குச் சொன்னேன். அளவுக்குக் காகிதம் ஒட்டிய பாட்டிலில் மருந்து கொடுத்தார்கள்.

திரும்பும்போது ரயில் பாலத்தில் ஏற முடியாமல் உம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"டாக்டரு என்னட்டி கேட்டாங்க?"

"தம்பி விழுந்ததைக் கேட்டாங்க. வெள்ளிக்கிழமைன்னு சொன்னேன்."

அடி விழும் என்று நினைத்தேன்.   ஆனால் அவள் கைப்பிடியைப் பிடித்து எழுந்து வந்த வழியே நடந்தாள். பத்தடிக்கு ஒரு முறை நின்றாள்.

டாக்டரம்மா கிளம்பிக்கொண்டிருந்தார். உம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

"விழுந்தது தம்பி இல்லன்னு சொல்லு. வேற புள்ளைன்னு சொல்லு. இருவத்திரெண்டு நாளாச்சுன்னு சொல்லு."

"எந்தப் புள்ளைம்மா?"

"கேக்காத. சொல்லு."

சொன்னேன். இருபத்திரண்டுக்கு ஹிந்தி தெரியாததால் பத்து விரலையும் இரண்டு தரம் விரித்து, பிறகு இரண்டு விரலைக் காட்டினேன். டாக்டரம்மா பையைக் கீழே வைத்துவிட்டு உம்மாவின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் கொதித்தது. உடனே டாக்ஸி வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாப்பா கைகூடக் கழுவாமல் பட்டறையிலிருந்து ஓடிவந்தார்.

வயிற்றுக்குள் தங்கிப்போனதை எடுத்துவிட்டு, வேறு யாருடைய ரத்தத்தையோ உம்மாவுக்கு ஏற்றினார்கள். வெளியே வந்த டாக்டர் வாப்பாவிடம் ஹிந்தியில் பேசினார். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள். இப்போதும் நாளைக் காலை வரை எதுவும் சொல்வதற்கில்லை. அன்று காதில் விழுந்த ஹிந்தியில் ஒரு சொல் விடாமல் எனக்குப் புரிந்தது அதுதான்.

"என்னம்மா சொல்லுதாங்க?" என்று வாப்பா என்னைக் கேட்டார்.

"உம்மாவுக்கு நல்லாயிரும்னு சொல்லுதாங்க."

வாப்பா அல்லாவைப் புகழ்ந்துவிட்டு பெஞ்சில் சாய்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டேன். விடியும்வரை விடவில்லை.

ஒன்பதாம் நாள் உம்மா வீட்டுக்கு வந்தாள். ரத்தம் ஒரேயடியாக நின்றுவிடவில்லை. குறைந்து குறைந்து நிற்க மேலும் இரண்டு வாரமாயிற்று. எழுந்து நின்றால் தலை சுற்றியது. தம்பியைத் தூக்க முடியவில்லை. யாருக்குத் தெரியக்கூடாது என்று பயந்தாளோ அந்தப் பக்கத்து வீட்டு மாமிதான் ரத்தம் ஊறட்டும் என்று ஆட்டுச் சுவரொட்டி வறுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். "எனக்கும் இப்படி ரெண்டு போயிருக்கு. ஒரு வார்த்தை சொல்லப்படாதா?" என்று அழுதார். எங்கே போயிருக்கின்றன என்று நான் கேட்டதும் தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அந்த நாட்களில்தான் உம்மா என்னைப் பாயோரம் உட்காரவைத்து ஹிந்தி கேட்க ஆரம்பித்தாள். வயிற்றுக்கு என்ன? ரத்தத்துக்கு என்ன? நேற்று, முந்தாநாள், போன மாசம்? ஒரு சாயங்காலம், "'நானே சொல்லுதேன், புள்ளையைக் கேக்காதீங்க.' இதை எப்படிட்டி சொல்லணும்?" என்றாள். சொல்லிக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னாள். படுத்தே கிடப்பதால் பொழுது போகாமல் விளையாடுகிறாள் என்று எண்ணிக்கொண்டு, பெண்பிள்ளைக்கு 'பச்சி' என்று வர வேண்டிய இடத்தில் அவள் 'பச்சை' என்று சொன்னபோதெல்லாம் நான் உருண்டு உருண்டு சிரித்தேன்.