கம்ப்யூட்டர் காட்டிய வீடு

ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். விழுப்புரத்திலிருந்து வந்திருந்த அந்தக் கல்லூரிப் பெண் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டியபோது எழுத்து புரியவில்லை, படம் புரிந்தது. வானத்திலிருந்து பார்த்தால் தெரிகிற எங்கள் ஏரி. கரையெல்லாம் பச்சைப் புள்ளிகள், நான் கட்டிய பெட்டிகள். ஒரே ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் ஏரியைத் தாண்டி, ஓர் ஓட்டு வீட்டின் மேல் நின்றது.

“காணாமப் போன பொட்டி அங்கதாண்ணா இருக்குது. போய்க் கேப்பமா?”

என் மகளைப் பெண் கேட்டிருந்த வீடு அது. மறுநாள் தட்டு மாற்ற வருவதாக இருந்தார்கள்.

திண்டிவனம் போகும் வழியில் இருக்கிறது அந்த ஏரி. மண்ணின் ஈரம் பார்க்கும் பெட்டிகளைக் கம்பம் நட்டுக் கட்டுவது என் கூலி வேலை. ஒவ்வொரு பெட்டியும் பக்கத்துப் பெட்டியோடு மட்டும்தான் பேசும். கட்டட வேலையில் செங்கல்லைக் கைக்குக் கை மாற்றுவதுபோல் சேதி போகும். எத்தனை கை மாறியது என்பதை வைத்துப் பெட்டி எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடும். அன்று காலை ஒரு கம்பம் வெறுமனே நின்றது. பெட்டியை யாரோ பிடுங்கியிருந்தார்கள்; ஆனால் எங்கிருந்தோ அது இன்னும் பேசிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் கூட வந்தால் வாசலிலேயே பட்டென்று கேட்டுவிடும். “நானே போய்ட்டு வர்றேம்மா” என்று கிளம்பினேன்.

அவர்கள் தெருவுக்குள் போவதும் திரும்புவதுமாக இருந்தேன். கேட்டால் கல்யாணம் நின்றுவிடும். கேட்காவிட்டால், திருட்டுப் பொருள் இருக்கிற வீட்டில் தெரிந்தே மகளைக் கொடுத்தவனாவேன்.

பையனின் அம்மா பார்த்துவிட்டார். “இன்னாண்ணா, தெருவ அளந்துகினு இருக்கீங்க? உள்ள வாங்க.”

உட்கார முடியவில்லை. கண் தானாகப் பரணுக்கும் கட்டிலுக்கு அடியிலும் போனது.

“நல்லாப் பாத்துக்குங்க. பொண்ணு பொழங்கப் போற வூடு” என்று அந்த அம்மா சிரித்தார்.

“பின்னாடி புதுசா கக்கூஸ் கட்டிக்கீறோம் சம்பந்தி, அதையும் பாத்துடுங்க” என்றார் பையனின் அப்பா.

கொடுத்த டீ ஆடை கட்டியது. ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

“இன்னா சொல்றாரு?” என்று அவர் மனைவியைக் கேட்டார்.

“நம்ம வூட்டுல ஏதோ பொட்டி கீதாம். கம்ப்யூட்டரு சொல்லுச்சாம்.”

அவர் முகம் கறுத்தது. “அப்பிடியா? தேடுங்க. ஜல்தியாத் தேடுங்க” என்று மல்லாட்டைக் கடலை மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து நடுவீட்டில் போட்டார். வேண்டாம் வேண்டாம் என்று பின்னாலேயே போனேன். அவர் நிறுத்தவில்லை.

அப்போது போன் அடித்தது. “அண்ணா, கேட்டுட்டீங்களா? கேக்காதீங்க! ஏரி அருவா மாதிரி வளைஞ்சிருக்குது இல்ல? சேதி தண்ணியத் தாண்டி நேரா வராம கரையச் சுத்திக்கினு வந்திருக்குது. நெறைய கை மாறுனதால ரொம்ப தூரம்னு கம்ப்யூட்டரு நெனச்சிடுச்சு. அத நான் கவனிக்கல. பொட்டி இங்கியே, வளைவுக்குள்ள முள்ளுப் பொதருல கெடந்துச்சு. எடுத்துட்டேன்.”

போனில் அவள் கத்தியது வீடெல்லாம் கேட்டது. நான் குனிந்து ஒரு மூட்டையைத் தூக்கினேன். அவர் அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“வுடுங்க. நாளைக்கு வர்றோம்.”

எதற்கு வருகிறார், தட்டு மாற்றவா, முடியாது என்று சொல்லவா? கேட்காமலே வீடு திரும்பினேன். வீட்டில் யாரிடமும் சொல்லாமல் வாசலுக்கும் கிணற்றுக்கும் நடந்தபடி இருந்தேன்.

மறுநாள் வந்தார்கள். பாயில் உட்காராமல் பையனின் அப்பா நேராக உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்தார்.

“இன்னாங்க தேடுறீங்க?” என்றாள் என் மனைவி.

“எங்க வூட்டு மம்பட்டியக் காணோம்மா. கம்ப்யூட்டரு இங்கதான்னு காட்டுச்சு.”

“பேஜாரு பண்ணாம வந்து ஒக்காருய்யா” என்று அவர் மனைவி முதுகில் ஒன்று வைத்தார். கூடமே சிரித்தது. ஒன்றும் விளங்காமல் என் மகள் என்னைப் பார்த்தாள். தட்டு கை மாறுகிறவரை நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.