யாரும் குடியில்லை

எண்பதுகளின் தொடக்கத்தில் கொச்சியில், மட்டாஞ்சேரி ரிஜிஸ்டர் ஆபீசில் நகல் எழுதிக்கொண்டிருந்தேன். வீடு, நிலம் விற்கிற பத்திரத்துக்கு அங்கே ஆதாரம் என்று பெயர். பதிவான ஆதாரங்களை வரி பிசகாமல் பெரிய புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். தப்பு இருந்தால் தப்போடு எழுத வேண்டும். திருத்த நமக்கு அதிகாரமில்லை.

பாலக்காட்டில் தமிழ் பேசும் குடும்பம் எங்களுடையது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அண்ணன் வீட்டில் தங்கையான நான் விருந்தாளி மாதிரி ஆகிவிட்டேன். வேலை கிடைத்ததும் மட்டாஞ்சேரியில் ஒரு விதவையின் வீட்டு மாடியறையில் வாடகைக்குக் குடிவந்தேன். அங்கே ஆறு வருஷம். அவரைச் சேச்சி, அக்கா, என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய மகன்கள் இருவரும் துபாயில். சாயங்காலம் நான் படியேறுவதற்குள் சாயா தயாராக இருக்கும்.

"இன்னிக்கு யாரோட வீடு போச்சு?" என்பார்.

தினமும் ஏதாவது ஒரு வீடு போய்க்கொண்டுதான் இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் விற்பவரும் வாங்குபவரும் பக்கத்துப் பக்கத்துத் தெருக்காரர்களாக இருப்பார்கள். பிறகு வாங்குபவர் துபாயில், மஸ்கட்டில் இருந்தார். அவருக்குப் பதிலாகக் கையெழுத்திட முக்தியார் என்ற அதிகாரப் பத்திரம் பெற்ற மச்சினனோ மாமனாரோ வந்து கையெழுத்துப் போட்டார். பெரிய குடும்ப வீடுகள் பாகம் பாகமாகப் பிரிந்தன. மிளகுக் கிடங்குகள் கை மாறின. நான் சொல்லச் சொல்ல சேச்சி, "அந்த வீட்டுக் கிணத்துத் தண்ணி நல்லா இருக்கும்" என்பார். எனக்கு நாளில் நடக்கும் பேச்சே அவ்வளவுதான்.

அண்ணன் மகள் கல்யாணத்துக்கு நாலு நாள் லீவு எடுத்துப் போனேன். திரும்பி வந்தபோது மேஜையில் ஆதாரங்கள் குவிந்திருந்தன. மத்தியானம் ஒன்றை எடுத்து எழுதத் தொடங்கினேன். கை பழக்கத்தில் ஓடும்; மனசு வேறெங்கோ இருக்கும். விற்பவரின் பெயரை எழுதி, கணவர் பெயரையும் எழுதிய பிறகுதான் அது சேச்சி என்று உறைத்தது.

முழுவதும் படித்தேன். இரண்டாம் பக்கத்தில், வீட்டில் வாடகைக்காரரோ வேறு எவருமோ குடியில்லை என்று இருந்தது. ஜன்னலுக்கு வெளியே படகுத்துறைக்குப் போகிறவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்த வரியையும் எழுதினேன்.

அன்று சேச்சி யாருடைய வீடு போச்சு என்று கேட்கவில்லை. டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போகப் பார்த்தார்.

"சேச்சி, உங்க ஆதாரத்தை நான்தான் எழுதினேன்."

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீ அங்க உட்கார்ந்திருக்கும்போது எனக்குக் கையெழுத்துப் போட வராது மோளே. அதான் நீ ஊருக்குப் போன சமயத்துல..."

"யாரும் குடியில்லைன்னு போட்டிருக்கே."

"அப்படிப் போட்டாத்தான் வாங்குவாங்கன்னு ஆதாரம் எழுதறவர் சொன்னார். பசங்க அவசரப்படுத்தினாங்க. என்னையும் அங்க கூட்டிட்டுப் போறாங்களாம்."

அழுதது அவர்தான். எனக்கு வரவில்லை. எப்போது காலி செய்ய வேண்டும் என்று கேட்டேன். மாசக் கடைசி என்றார்.

பாத்திரங்களைக் கட்ட நான்தான் உதவினேன். "நீ எங்க போவே?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். எறணாகுளத்தில் ஹாஸ்டல் பார்த்துவிட்டேன் என்று சொன்னேன். அது பொய். அதன் பிறகுதான் அலைந்து ஒன்றைப் பிடித்தேன். அறையில் என்னோடு மூன்று பேர். சனிக்கிழமையானால் மூவரும் ஊருக்குப் போய்விடுவார்கள். காலையில் படகில் மட்டாஞ்சேரிக்கு வந்து, மாலையில் படகில் திரும்புவேன். ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமலே முடிந்துவிடும்.

சில மாதம் கழித்து ஆபீஸ் முகவரிக்குச் சேச்சியின் கடிதம் வந்தது. என்னுடைய வேறு முகவரி அவருக்குத் தெரியாது. மகனும் மருமகளும் காலையில் வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார்கள், பகலெல்லாம் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று எழுதியிருந்தார். கோபமா என்று கேட்டிருந்தார்.

கோபமில்லை என்று பதில் போட்டேன். அதற்கப்புறம் கடிதம் வரவில்லை. அடுத்த வருஷம் எனக்குத் திருச்சூருக்கு மாற்றலாகிவிட்டது.