இருநூற்றுப் பத்து கிலோவோடு கோலசிலாங்கூர் சாலையில்

போன சனிக்கிழமை காலை, சுங்கை பெசாருக்கு உள்ளே இருக்கும் எங்கள் தோட்டத்திலிருந்து கோலசிலாங்கூரையும் தாண்டி ஒரு பெரிய மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் போனோம். ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர். சுற்றிப் பார்க்க இல்லை. அப்பாவுக்கு மூச்சு முட்டியது. உடம்பு மிகவும் பெருத்த ஒருவரோடு இப்படிப் போக வேண்டிய குடும்பங்கள் இன்னும் இருக்கும். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். "வெளியில சொல்லாத, ஊரே சிரிக்கும்" என்று அம்மா சொல்லியிருப்பதால், அவர் தூங்கிய பிறகு போர்வைக்குள் கைப்பேசியில் எழுதுகிறேன். பெயர் போடவில்லை.

ஆம்புலன்ஸில் இருவர் வந்தார்கள். ஒருவர் மலாய்க்கார அக்கா. இன்னொருவர் நம் ஆள். அந்த அண்ணன் கேட்ட முதல் கேள்வியே, "எத்தன கிலோ இருப்பாரு?"

"நூத்தி முப்பதுதான் லா," என்றார் அம்மா.

அது பொய் என்று எனக்குத் தெரியும். அப்பா, எண்ணெய் எடுக்கும் செம்பனைப் பழக்குலைகளை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். வீட்டுத் தராசு அவரைத் தாங்காது. அதனால் போன மாதம் லோரி எடை போடும் மேடையில் அவர் உட்கார்ந்திருந்த லோரியை ஒரு தடவையும், அவர் இறங்கிய பிறகு ஒரு தடவையும் எடை பார்த்தார்கள். அந்தத் தராசு பத்துப் பத்து கிலோவாகத்தான் காட்டும். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"இல்லண்ணே. இருநூத்திப் பத்து."

அம்மா முறைத்தார். கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பா, வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கிக்கொண்டு, "அவ... சொல்றது சரி. பத்தரைக் குலை," என்றார். அந்த நேரத்திலும், குலைக்கு இருபது கிலோ என்று பழக்குலைக் கணக்கு!

அண்ணன் சிரிக்கவில்லை. "நல்லவேளை சொன்ன தங்கச்சி. எங்க ஸ்ட்ரெச்சர் அவ்ளோ தாங்காது. பாதி வழியில மடங்கியிருக்கும்." உடனே தூக்குவதற்குப் பொம்பாவை, தீயணைப்புப் படையை, அழைத்தார். எந்த மருத்துவமனையில் அகலக் கட்டில் இருக்கிறது என்று விசாரித்தார். அது பக்கத்தில் இல்லை. அதனால்தான் அவ்வளவு தூரம்.

தீயணைப்பு வீரர்கள் ஆறு பேர் வந்தார்கள். முன்கதவைக் கழற்றினார்கள். அப்பாவின் அடியில் தடித்த கேன்வாஸை நுழைத்துச் சுற்றிலும் பிடித்துத் தூக்கினார்கள். அக்கா ஒரு போர்வையை இடுப்புவரை போர்த்திச் செருகினார். லயத்துப் பக்கத்து வீட்டு ஆட்கள் வேடிக்கை பார்க்க, "அண்ணே, எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க, அவரும் ஒரு வீட்டு ஆம்பள இல்லையா?" என்றார் அண்ணன். எல்லோரும் திரும்பிக்கொண்டார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரை மறக்க மாட்டேன்.

ஆம்புலன்ஸ் தரையில் மெத்தை போட்டு, முதுகுக்குத் தலையணைகளும் மடித்த போர்வைகளும் அடுக்கிச் சாய்த்து உட்கார வைத்தார்கள். மல்லாக்கப் படுக்க வைத்தால் வயிற்றின் பாரமே மூச்சை அடைத்துவிடுமாம். வயல்கள் போயின, தஞ்சோங் காராங் போனது. கோலசிலாங்கூர் பாலத்தில் பாசிர் பெனம்பாங் மீன்பிடிப் படகுகள் தெரிந்தபோது அப்பா கண்ணை மூடினார். நான் அலறிவிட்டேன். அக்கா என் கையைப் பிடித்து அப்பாவின் மார்பில் வைத்தார். ஏறி இறங்கியது. அங்கிருந்து கையை எடுக்கவே இல்லை.

மருத்துவமனை வாசலில் ஒரு தாதி எடையைக் கேட்டார். வரிசையில் நிறையப் பேர். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இருநூத்திப் பத்து. லோரி தராசுல பாத்தது," என்றார் அம்மா. எல்லோருக்கும் கேட்கிற குரலில்.

அப்பா இன்னும் ஆக்சிஜனில்தான் இருக்கிறார். எனக்கு இன்னும் பயம்தான். இன்று மதியம் முகமூடியை விலக்கி, "என் லோரிய யாருடி ஓட்டுறா?" என்றார், தாதி அதட்டினார்.

போகிறவர்கள் பெரிய போர்வை இரண்டும் தலையணைகளும் எடுத்து வையுங்கள். அழைக்கும்போதே எடையைச் சொல்லிவிட்டால் தூக்க ஆட்களும் சேர்ந்தே வருவார்கள், அகலக் கட்டில் உள்ள இடமும் முன்பே தெரிந்துவிடும். வீட்டுத் தராசு தாங்கவில்லையா? தோட்டத்துப் பக்கம் எங்காவது லோரி தராசு இருக்கும். யார் சிரித்தாலும் பரவாயில்லை, ஏற்றிப் பாருங்கள்.