டாரா பெக்கு

காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்கு ஏறி, மலாக்கா பக்கம் மெர்லிமாவ் வீட்டில் குளியலறை வாசலிலேயே நான் சுருண்டு விழுந்தேன். வருஷக்கணக்காகச் செம்பனை எண்ணெய் லாரி ஓட்டிச் சம்பாதித்தவனுக்கு, உட்கார்ந்ததே வினையாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் மலாய் டாக்டர் என் மனைவியிடம் "டாரா பெக்கு" என்றார். ரத்தம் உறைந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் பெக்கு என்ற சொல்லை அவள் அதுவரை பார்த்த இடம் ஒன்றே ஒன்றுதான். பாச்சாங் சூப்பர்மார்க்கெட்டில், ஐஸ் பெட்டிக்குள் கல்லு மாதிரி கிடக்கும் கோழியின் மேல் 'ஆயாம் பெக்கு' என்று எழுதியிருக்கும்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து வீட்டில் நான் ஐஸ் கோழி. காற்றாடியை வேகமாகச் சுழல விடக்கூடாது. ஐஸைத் துருவிச் சிரப் ஊற்றித் தரும் ஐஸ் காச்சாங்கைக் கண்ணால்கூடப் பார்க்கக்கூடாது. மலாக்கா வெயிலில் எனக்கு ஸ்வெட்டர்!

"குளிர்ல இல்லடி, ரத்தம் உள்ளுக்குள்ளயே கட்டிக்குது" என்று தொண்டை கிழியக் கத்தியும் பார்த்தேன்.

"டாக்டரே பெக்குன்னாரு. பெருசா பேச வந்துட்டீங்க" என்பாள்.

இந்த லட்சணத்தில்தான், லண்டனில் நர்ஸாக இருக்கும் எங்கள் ஒரே மகளுக்குக் கல்யாணம் கூடியது. ஊருக்கு வர லீவு கிடைக்கவில்லை. அங்கேயே ஒரு கோயிலில் தாலி கட்டுவதாக ஏற்பாடு.

"அப்பா, நீங்கதான் தாரை வார்த்துக் கொடுக்கணும். வேற யாரும் வேணாம் லா" என்றாள் போனில். "டாக்டர் போக வேணாம்னா சொல்லுங்க. நான் சும்மா ரெஜிஸ்டர் பண்ணிக்கிறேன்."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அதற்குப் பிறகு நான் போகாமல் இருப்பேனா?

டாக்டர் போகலாம் என்றார். மாத்திரையை விடக்கூடாது, இறுக்கமான காலுறை போட வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், அடிக்கடி எழுந்து நடக்க வேண்டும். இதில் எதுவும் என் மனைவி காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. விமானத்தில் ஏர்கோன் எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்டாள். கொஞ்சம் குளிரும் என்று அந்தப் புண்ணியவான் வாயைத் திறந்து சொல்லித் தொலைத்தார்.

விமானத்தில் எனக்குக் குல்லா, கழுத்துத் துணி, அதன் மேல் கம்பளி. அவள் நடைவழி ஓரமாக உட்கார்ந்து பாதையை மறித்துக்கொண்டாள். எழுந்தால், "கம்முனு உக்காருங்க, சூடு போயிடும்." தண்ணீர் கேட்டால், "குடிச்சா குளிரும்." காலுறைக்குள் என் கால் கனக்க ஆரம்பித்தது. எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

"இப்படியே உக்காந்திருந்தாதான்டி சாவேன்!" என்று கத்திவிட்டேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அவள் சண்டைக்கு வரவில்லை. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு விழுந்தீங்களே, இந்தக் கையப் புடிச்சிக்கிட்டு நான்தான் உக்காந்திருந்தேன். ஐஸ் மாதிரி இருந்துச்சு. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் தேச்சேன், தேச்சேன், சூடே ஏறல. உங்களுக்கு என்ன தெரியும்? நீங்கதான் மயங்கிட்டீங்களே."

கோழியாவது, சூப்பர்மார்க்கெட்டாவது! அவளுக்குப் பெக்கு என்றால் என் கை. இதை அவள் இதுவரை என்னிடம் சொன்னதே இல்லை.

"நடந்தா சூடு ஏறும்" என்றேன் மெதுவாக.

"சாமி சத்தியமா?"

"சத்தியமா லா."

எழுந்து வழி விட்டாள். என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தபடி கழிப்பறை வரைக்கும் வந்தாள், அப்படியே திரும்பியும் வந்தாள். அதற்குப் பிறகு பிடித்ததையா சனியன்! என்னை உட்காரவே விடவில்லை. கண் அசந்தால் விலாவில் ஓர் இடி. "ஜாலான் ஜாலான், எழுந்து நடங்க." பணிப்பெண்ணிடம் அவளே தண்ணீர் கேட்டு வாங்கி என் வாயில் ஊற்றாத குறை. லண்டனில் இறங்கியபோது என் கால் வீங்கவில்லை, மூச்சு சீராக இருந்தது. மகள் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். எனக்கு ராஜா மாதிரி இருந்தது.

கல்யாணத்தன்று அந்த ஊர்க் குளிர் எலும்பைக் கடித்தது. கோயில் குழாயில் கை கழுவியபோது விரல்கள் மரத்துப்போயின. தாரை வார்க்கும் நேரம் வந்தது. மாப்பிள்ளை கையில் மகள் கையை வைத்து, இரண்டையும் என் கையில் ஏந்தினேன். அம்மாக்காரி சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்தக் குழாய்த் தண்ணீரை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

தண்ணீர் விழுந்தது. வெதுவெதுப்பாக இருந்தது.

லேசாக ஆவி எழுவதைக் கண்ட ஐயர் மந்திரத்தை விட்டுவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். யாருக்கும் தெரியாமல் மடப்பள்ளிக்குப் போய் வெந்நீர் கலந்து வந்திருக்கிறாள். மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இவளோ யாரையும் பார்க்காமல், என் கையை மட்டும் பார்த்து ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

"போதும்மா" என்றார் ஐயர்.

"இருங்க சாமி, இன்னும் கொஞ்சம்" என்றாள்.