விங்கருக்கு வைத்த ஃப்ளெக்ஸ்

கால்பந்தில் விங்கர் என்றால் என்ன வேலை என்று யாராவது கேட்டால், நன்றாக நிற்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பேன். மைதானத்தின் ஓரத்தில், வெள்ளைக் கோட்டை ஒட்டி, பந்து இதோ வரும் அதோ வரும் என்று நிற்க வேண்டும். பந்து நடுவிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். கையைத் தூக்கிக் காட்டலாம், கத்தலாம், அது நம் உரிமை. எப்போதாவது ஒரு புண்ணியவானுக்கு இரக்கம் வந்து பந்தை நம் பக்கம் அனுப்புவார். அதை எடுத்துக்கொண்டு உயிர் போக ஓடி, எதிரணிக்காரனை ஏமாற்றி, கோலுக்கு முன்னால் தூக்கிப் போட வேண்டும். அங்கே நிற்கிற மகராசன் தலையால் முட்டி உள்ளே தள்ளினால் பாராட்டு அவனுக்கு. வெளியே தள்ளினால் நான் போட்ட பந்து சரியில்லை. இந்த உத்தியோகத்தைத்தான் பத்து வருடத்துக்கு மேல் பார்த்தேன்.

டிவியில் என் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் பாவம். காமிரா பந்தோடு போகும். நான் பந்தில்லாமல் ஓரத்தில் நிற்பேன். ஆகவே நான் பந்தைப் பறிகொடுக்கும் நேரங்களில் மட்டும் தெளிவாகத் தெரிவேன். சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் என் தொழில் வாழ்க்கை என்பது பந்தைப் பறிகொடுத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நிற்கும் ஒரு மனிதனின் கதை.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே. தென்னை, நெல், கடலை, மிச்ச நேரத்தில் பங்காளிச் சண்டை. அப்பா என் ஆட்டத்தை ஒருமுறைகூட மைதானத்துக்கு வந்து பார்த்ததில்லை. டிவியில் பார்ப்பார், அதுவும் மோட்டார் போட்டுவிட்டு வந்து, மோட்டார் அணைக்கப் போகும்வரை. அவர் விமர்சனம் பல வருடமாக ஒன்றேதான். “ஏண்டா, எல்லாரும் வயலுக்குள்ள எறங்கிப் பாடுபடறாங்க. நீ மட்டும் என்னத்துக்கு வரப்பு மேலயே நின்னுட்டு இருக்கற?”

பயிற்சியாளர்களுக்கும் எனக்கும் இருந்த உறவு இன்னும் இனிமையானது. ஏறக்குறைய ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு வெளிநாட்டுக்காரர் வருவார். வந்ததும் என் தோளில் கை போட்டு, உன் வேகம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது என்பார். பிடித்த சாமானைப் பத்திரப்படுத்துவது மனித இயல்பு, அதனால் என்னைப் பெஞ்சில் பத்திரமாக வைத்துவிடுவார். ஒருவர் தற்காப்புக்குக் கீழே இறங்கு என்றார். அடுத்தவர் எதற்காக இறங்குகிறாய் என்றார். நடுவில் ஒரு வருடம் என்னை வடகிழக்கில் ஒரு மலை ஊர் அணிக்கு லோன் கொடுத்தார்கள். பக்கத்துத் தோட்டத்துக்கு மண்வெட்டி இரவல் கொடுக்கிற மாதிரிதான். திரும்ப வாங்க மறந்துவிடுவார்களோ என்று அந்தக் குளிரில் நான் பயந்தது எனக்குத்தான் தெரியும்.

இப்படிச் சீரும் சிறப்புமாகப் போய்க்கொண்டிருந்தபோது முப்பத்திரண்டு வயதாகிவிட்டது. பின்தொடைத் தசை இரண்டு முறை கிழிந்திருந்தது. வேகம் போன விங்கரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது, விங்கருக்கே தெரியாது. அந்த சீசன் முடிந்ததும் கிளப் மேனேஜர் கூப்பிட்டார். இன்னும் ஒரு வருடம் தரலாம் என்றிருக்கிறோம், லீவு முடிந்து உடல் பரிசோதனைக்கு வா, தேறினால் கையெழுத்து என்றார். கேலியை ஓரமாக வைத்துவிட்டுச் சொல்கிறேன், அந்த ஒரு வருடம் எனக்கு ரொம்ப வேண்டியிருந்தது. பந்தாடுவதைத் தவிர வேறெதுவும் எனக்கு வராது. தென்னைக்கு உரம் வைப்பதுகூட அப்பாவைக் கேட்டுத்தான் வைப்பேன்.

மேனேஜர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். லீவில் செவன்ஸ் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது.

எங்கள் பக்கத்தில் செவன்ஸ் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அறுவடை முடிந்த வயலில் கமுகு மரம் நட்டு, பலகை கட்டி, கேலரி எழுப்பி, அணிக்கு ஏழு பேராக ஆடுகிற ஆட்டம். தரை வெயிலில் காய்ந்து கட்டாந்தரையாகக் கிடக்கும். ரெஃப்ரியின் கழுத்தில் விசில் ஓர் ஆபரணமாகத் தொங்கும். கிளப் ஆட்டக்காரர்கள் பலர் லீவில் வந்து வேறு பெயரில் ஆடிவிட்டுப் போவார்கள். கிளப்புகளுக்கும் இது தெரியும். கண்ணில் படாதவரை கண்டுகொள்ள மாட்டார்கள். நான் அந்த விஷப்பரீட்சைக்கே போனதில்லை. என் கால் மேல் எனக்கு அத்தனை அக்கறை.

கையெழுத்துக் கனவோடு ஊருக்கு வந்தேன். கொழிஞ்சாம்பாறை முக்கில் பஸ்ஸை விட்டு இறங்கி நிமிர்ந்து பார்த்தால், மின்கம்பத்தில் நான் தொங்கிக்கொண்டிருந்தேன்.

ஆள் உயரத்தைவிடப் பெரிய ஃப்ளெக்ஸ். ‘எங்கள் தேசத்தின் புயல்! இந்தியக் கால்பந்தின் இடிமுழக்கம்! நமது மண்ணில் களமிறங்குகிறார்!’ கிளப் ஜெர்சியோடு, இரண்டு கை முஷ்டியையும் மடக்கி, வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் என் படம். கோல் அடித்து ஆர்ப்பரிக்கிறேன் என்று நினைத்திருக்கிறார்கள். பின்தொடை கிழிந்து வலியில் கத்தும்போது எடுத்த படம் அது. பின்னால் வந்த ஸ்ட்ரெச்சரை மட்டும் அழகாக வெட்டியிருந்தார்கள். அடியில், வெள்ளைச் சட்டையோடும் காதில் வைத்த செல்போனோடும் அப்பா. ‘அன்புடன் அழைக்கும்: தந்தை.’

வீட்டுக்குப் போனதும் அம்மா, “சாப்புடறயா கண்ணு?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டாள். அப்பா நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு எனக்காகவே காத்திருந்தார்.

“பாத்தயாடா? நாலு முக்குலயும் வெச்சிருக்குது.”

“நான் ஆடறேன்னு யாருங்கப்பா சொன்னது?”

“நாந்தான். கமிட்டியில வாக்குக் குடுத்துட்டன்.”

விசாரித்ததில் விஷயம் புரிந்தது. டீக்கடையில் ஒரு பங்காளி வாயைக் கிளறியிருக்கிறார். “உங்க பையன் பஸ் ஸ்டாண்டுல ஒக்காந்திருக்கற மாதிரி அந்தப் பெஞ்சுலயே ஒக்காந்திருக்கறானுங்களே, நெசமாலுமே ஆடத் தெரியுமுங்களா?” என்று கேட்டிருக்கிறார். என்னை வரப்பு மேல் நிற்பவன் என்று சொல்கிற உரிமை தனக்கு மட்டும்தான் என்பது அப்பாவின் கட்சி. கொதித்துப்போய், நேராக செவன்ஸ் கமிட்டியிடம் போய்ப் பெயரைக் கொடுத்து, கையோடு ஃப்ளெக்ஸுக்கும் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

“ஆடுனா காண்ட்ராக்ட் போயிருமுங்கப்பா. செவன்ஸ் ஆடக் கூடாதுன்னு சொல்லியிருக்கறாங்க.”

அப்பா அசரவில்லை. “நீ அங்க கையெழுத்துப் போடறது பதினொரு பேரு ஆட்டத்துக்குத்தான? இது ஏழு பேரு ஆட்டம். அதுக்கும் இதுக்கும் என்றா சம்பந்தம்?”

இவரை வக்கீலுக்குப் படிக்க வைக்காமல் விட்டது பாலக்காட்டு நீதிமன்றங்கள் செய்த பாக்கியம். நான் மறுபடியும் முடியாது என்றேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

“ஒரு பாதி ஆடுனாப் போதும். நீ ஆடலீன்னா நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டுடா அந்தக் கடைக்குப் போவன்?”

அதுவரை அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. அதட்டியிருந்தால் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ் ஏறியிருப்பேன்.

கமிட்டிச் செயலாளர் வந்தார். எந்தச் சிக்கலுக்கும் கைவசம் ஒரு வழி வைத்திருக்கிற மனிதர். “ஏனுங் தம்பி, இதுக்குப் போயிக் கவலப்படறீங்க? வேற பேர்ல ஆடுனா ஆச்சுங்க. ஒரு பயலுக்கும் தெரியாதுங்க.” எனக்கு ஒரு புதுப் பெயர் வைத்தார்கள். ரகசியம் காக்கும் பொறுப்பைக் கமிட்டியே ஏற்றுக்கொண்டது. நாலு முக்குக்கும் ஆள் அனுப்பி, ஃப்ளெக்ஸில் என் பெயர் இருந்த இடத்தில் வெள்ளைத் தாளை ஒட்டிவிட்டார்கள். முகத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். முகத்தையும் மறைத்தால் கூட்டம் எப்படி வரும் என்று செயலாளர் கேட்டது நியாயம்தான்.

ஆட்டத்தன்று மத்தியானம் விளம்பர ஜீப் எங்கள் தெரு வழியாகப் போனது. ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் தமிழில் ஒருமுறையும் மலையாளத்தில் ஒருமுறையும் முழங்கினார். “கிளப் ஒப்பந்தத்தின் காரணமாகத் தன் சொந்தப் பெயரை வெளியில் சொல்ல முடியாத நம்ம ஊர்ச் சிங்கம், இன்று மாலை வேறு பெயரில் களமிறங்குகிறார்! யாரென்று கேட்காதீர்கள்! வந்து பாருங்கள்!” கடைசியில் அந்த வேறு பெயரையும் சொன்னார். பிறகு எங்கள் வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தி, சிங்கத்தின் வீடு இதுதான் என்றும் சொன்னார்.

ஆட்டம் ஆரம்பித்ததும்தான் ஒன்று தெரிந்தது. செவன்ஸ் மைதானத்தில் ஓரம் என்று ஒன்று கிடையாது. இரண்டு எட்டு வைத்தால் கேலரிக்காரன் மடியில் போய் உட்கார வேண்டும். என்னைக் கவனித்துக்கொள்ள எதிரணி நிறுத்தியிருந்தவர் தக்காளி வண்டி ஓட்டுகிறவர். மரியாதை தெரிந்தவர். ஒவ்வொரு உதைக்கும் முன்னால், “மன்னிச்சுக்குங்ணா,” என்று சொல்லிவிட்டுத்தான் என் கணுக்காலில் உதைத்தார். நிற்க இடமில்லாததால் நான் ஓடினேன். நிமிடத்துக்கு நிமிடம் பந்து என் காலுக்கு வந்தது. இத்தனை வருடத்தில் ஒரு பந்தை இத்தனை நேரம் நான் வைத்துக்கொண்டதே இல்லை. தொடையைப் பற்றி நினைக்க மறந்துபோனேன். பாதி ஆட்டத்தோடு வெளியே வர வேண்டியவன் முழு ஆட்டமும் ஆடினேன். தக்காளி வண்டிக்காரரை ஏமாற்றி உள்ளே புகுந்து, இடது காலால் ஒரு கோல் போட்டேன்.

முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு அப்பா கத்தினார். “என்ற பையன்! அவன் என்ற பையன்டா!” புதுப் பெயரின் கதை அத்தோடு முடிந்தது. பெரிய ஸ்டேடியங்களில் ஆடியிருக்கிறேன், ஆயிரக்கணக்கானவர்கள் கத்திக் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு குரலுக்கு எனக்குக் கண் கலங்கியது. சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை மேனேஜரிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. யாரோ போனில் எடுத்தது. என் கோலும் தெளிவாக இருந்தது, அப்பாவின் குரலும் தெளிவாக இருந்தது. கூடவே ஃப்ளெக்ஸின் படம், வெள்ளைத் தாளோடு. கீழே எழுதியிருந்தார்: அருமையான கோல், வாழ்த்துகள், பரிசோதனைக்கு வந்து சிரமப்பட வேண்டாம். இத்தனை வருடத்தில் என் ஆட்டத்தை அவர் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை.

போனை அப்பா முன்னால் வைத்தேன். “போச்சுங்கப்பா. உங்க வாக்கு நின்னுருச்சு, என்ற பொழப்பு போச்சு. இப்பச் சந்தோசம்தானுங்களே?” என்று கத்தினேன். அவரிடம் அப்படிப் பேசியது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. அவர் அந்த வீடியோவை ஒருமுறை பார்த்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தோப்புக்குப் போய்விட்டார்.

அடுத்த நாள் நான் எழுந்தபோது அப்பா வீட்டில் இல்லை. “கோயமுத்தூர்ல ஏதோ சோலின்னு போனாரு,” என்றாள் அம்மா. மத்தியானம், கோயமுத்தூருக்கு நேரெதிர்த் திசையில் இருக்கிற எங்கள் கிளப் பயிற்சி மைதானத்திலிருந்து வாட்ச்மேன் என்னைப் போனில் கூப்பிட்டார். அவர் மலையாளத்தில் சொன்னதன் சுருக்கம் இது. உன் அப்பா ஒரு மூட்டைத் தேங்காயோடு கேட்டுக்கு வெளியில் நிற்கிறார். மேனேஜரைப் பார்க்க வேண்டுமாம். மேனேஜர் லீவில் ஊருக்குப் போய்விட்டார், ஆபீஸே பூட்டியிருக்கிறது என்று எத்தனை சொன்னாலும் போக மாட்டேன் என்கிறார். புல் வெட்டுகிறவர், தண்ணீர் லாரிக்காரர் என்று வருகிற எல்லோரிடமும், “என்ற பையன் மேல ஒரு தப்பும் இல்லீங்க, நாந்தானுங்க வாக்குக் குடுத்துட்டன்,” என்று கையைப் பிடித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். உள்ளே விட எனக்கு உத்தரவில்லை, போனை அவரிடம் தரட்டுமா?

வேண்டாம் என்றேன். நிழலில் உட்கார வைத்து ஒரு டீ மட்டும் வாங்கிக் கொடுங்கள் என்றேன். முந்தின நாள் கத்திய என் வாயை நானே நொந்துகொண்டேன்.

அடுத்த நாள்தான் அப்பா வந்தார். சட்டையெல்லாம் பஸ் புழுதி, கையில் காலிச் சாக்கு. அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

“உன்ற மேனேஜரப் பாத்துட்டு வந்தன்டா,” என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சாக்கை மடித்துக்கொண்டிருந்தார்.

“உள்ள கூப்புட்டு, ஒக்கார வெச்சு, டீ வாங்கிக் குடுத்தாரு. உன்னயப் பத்தித்தான் பேச்செல்லாம். ‘இந்த மாதிரி ஓரத்துல ஆடறவன் எங்களுக்கு இனிமேல் கெடைக்க மாட்டானுங்க. மேல இருக்கறவங்க போட்ட சட்டம், நான் என்ன பண்ணட்டும்?’னு அவ்வளவு வருத்தப்பட்டாருடா. தேங்காய எல்லாம் ஒண்ணு விடாம அவரே எடுத்துக்கிட்டாரு.”

அந்த மேனேஜர் இத்தனை வருடமும் என்னை ஜெர்சி நம்பர் சொல்லித்தான் கூப்பிட்டார். அப்பா மடித்த சாக்கைப் பிரித்து மறுபடியும் மடித்தார்.

“ஆமாங்கப்பா. அவரு தங்கமான மனுசன்,” என்றேன்.

அப்பா தலையை ஆட்டிவிட்டுக் கை கால் கழுவக் கிணற்றடிக்குப் போனார்.