செலின் பிசைந்து வைத்த ஃபில்டர்

செலின் இறந்துவிட்டாள் என்ற செய்தியும் அவள் எப்படி இறந்தாள் என்ற பொய்யும் ஒரே போனில் வந்து சேர்ந்தன. ஸ்ரீரங்கத்தில் வடக்குச் சித்திரை வீதியில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை சாயங்காலம். நம் அலுவலகத் தோழி ஒருத்தி கூப்பிட்டு, "கேள்விப்பட்டீங்களா வைதேகி? செலின் மேடம் பைக்ல போய் விழுந்து செத்துட்டாங்களாம்" என்றாள். ஞாயிறு மட்டுமே ஓட்டுகிற செலின் வியாழக்கிழமை பைக்கைத் தொடவே மாட்டாள் என்பது எனக்குத் தெரியும். காசைக் கொடுத்துவிட்டேன், கீரையை எடுக்க மறந்துவிட்டேன், ஆட்டோ பிடித்துப் பொன்மலைப்பட்டிக்குப் போனேன்.

கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அலுவலகம் முடிந்து வந்து, டீ போட்டு, நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். உடம்பில் ஒரு சிராய்ப்பு கிடையாது. வண்டி போர்ட்டிகோவில் சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது. ஆகவே நம் அலுவலக மலருக்கு நான் எழுதும் இந்த அஞ்சலியில் முதல் வேலையாக இதைப் பதிவு செய்துவிடுகிறேன்: செலின் பைக்கால் சாகவில்லை. இனியும் அப்படிச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் என் மேஜைக்கு வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

நினைவஞ்சலியில் "அவர்" என்று எழுதுவதுதான் மரியாதை என்பதும் தெரியும். அவளும் நானும் ஒரே வயது, பக்கத்துப் பக்கத்து நாற்காலி. "அவர்" என்று எழுதினால் எங்கேயோ உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரிப்பாள். எனக்கு அவள்தான்.

அந்த வண்டி அவள் வீட்டுக்கு வந்த கதையைப் பலர் பலவிதமாகச் சொல்கிறீர்கள். நடந்தது இதுதான். மண் பாதையில் ஓட்டுவதற்கென்றே செய்த உயரமான பைக் அது. அவள் மகன் ஜெரால்ட் ஆசையாக வாங்கினான், கொஞ்ச நாள் ஓட்டினான், வேலை கிடைத்து ஜெர்மனிக்குப் போய்விட்டான். வண்டி போர்வைக்குள் கிடந்தது. செலினின் அண்ணன் சூசை ஒரு நாள் வாங்குகிற ஆளையே கையோடு கூட்டி வந்துவிட்டார். செலின் வாசலுக்கு வந்து, "இது விக்கிறதுக்கு இல்லைங்க" என்றாள். "அப்ப யார் ஓட்டுறது?" என்று அண்ணன் கேட்டார். "ஏன், நான் ஓட்டுறேன்" என்றாள். கணவர் இறந்து பல வருஷம் ஆன, ஐம்பதை எட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் அப்படிச் சொன்னால் சிரிக்கத்தான் செய்வார்கள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அவளை வண்டியில் ஏற்றியது என்று நான் நினைக்கிறேன்.

முதல் மாதம் அவள் வண்டியை ஓட்டியதைவிட வண்டி அவளைத் தள்ளியதுதான் அதிகம். முட்டியில் பிளாஸ்திரியோடு அலுவலகத்துக்கு வருவாள். கொஞ்சம் பழகியதும் ஆள் சேர்க்கக் கிளம்பினாள். மலைக்கோட்டைக்குக் கீழே துணிக்கடை வைத்திருக்கும் மும்தாஜ் உடனே சரி என்றாள். நான் முடியாது என்றேன். என் "முடியாது"க்கெல்லாம் செலின் என்றைக்கு மதிப்புக் கொடுத்தாள்? கொஞ்ச நாளில் அதே கம்பெனி, அதே மாடலில் பழைய வண்டி ஒன்று என் பெயரிலும், இன்னொன்று மும்தாஜ் பெயரிலும் வந்துவிட்டது. எங்கள் வீதியில் நிறுத்த இடமில்லாததால் என் வண்டியும் செலினின் போர்ட்டிகோவிலேயே நின்றது. ஞாயிறு காலை சர்ச்சில் பூசை முடிந்து அவள் வந்ததும் திருவெள்ளறைப் பக்கம் கிளம்புவோம். அங்கே ஒருவர் தன் தரிசு நிலத்தில் ஓட்டிக்கொள்ள விட்டிருந்தார். திரும்பி வரும்போது மூன்று பேருக்கும் புருவம் வரைக்கும் புழுதி.

அந்தப் புழுதிதான் விஷயமே. எஞ்சினுக்குள் போகும் காற்றை ஒரு பஞ்சு ஃபில்டர் வடிகட்டுகிறது. அதைக் கழுவி, அதற்கென்று விற்கும் பிசின் போன்ற எண்ணெயைப் போட்டுப் பிசைந்து மாட்ட வேண்டும். செலின் முதல் தடவை கழுவியபோது எண்ணெய் போடவில்லை. தெரியாமல் இல்லை, மனசு வரவில்லை. அவள்தான் அவர்கள் கோயிலில், பூசை வைக்கிற பீடத்தின்மேல் விரிக்கும் பீடத்துணி வெளுக்கிறவள். தண்ணீர் தெளியும் வரை அலசி, மொட்டைமாடியில் காயவைத்து, மொடமொடவென்று மடித்துக் கொடுத்துப் பழகிய கை. "இவ்வளவு சுத்தமா வெளுத்துட்டு அது தலையில எண்ணெயைக் கொட்டுறதா?" என்று காய்ந்த பஞ்சையே மாட்டிவிட்டாள். காய்ந்த பஞ்சு பொடிமணலைத் தடுக்காது. எஞ்சின் மண்ணைக் குடித்தது, புகை கக்கியது, பிரித்துப் பார்த்தால் உள்ளெல்லாம் கீறல். வேறு யாராக இருந்தாலும் வண்டி மோசம், விற்றவன் மோசம் என்றிருப்பார்கள். செலின் அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் கூப்பிட்டுவைத்து, "என் சுத்தம்தான்ப்பா அந்த எஞ்சினைக் கொன்னுச்சு. வெறும் சுத்தத்தை நம்பாதீங்க" என்றாள். அதைக் கேட்டுச் சிரித்தவர்களில் நீங்களும் இருந்திருப்பீர்கள்.

எஞ்சினைச் சரிசெய்து வாங்கிய பிறகு அவள் வீட்டில் ஒரு சட்டம் வந்தது. ஃபில்டர் வேலை முடியாமல் யாரும் வாயில் எதையும் வைக்கக் கூடாது. பின்கட்டுத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மூன்று பேரும் குந்திக்கொள்வோம். பஞ்சைக் கழற்றியதும், மண் விழாமல் இருக்கக் காற்றுப் போகிற வாயில் மும்தாஜ் கடையின் வெட்டுத்துணியைச் சுருட்டி அடைப்போம். முதலில் மண்ணெண்ணெய், பிறகு சோப்புத் தண்ணீர். பெட்ரோல் கூடாது, பஞ்சின் ஒட்டு விட்டுப்போகும். துணி மாதிரி முறுக்கவும் கூடாது, கிழிந்துவிடும், அமுக்கித்தான் பிழிய வேண்டும். நிழலில் காய்ந்த பிறகு ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு எண்ணெயை ஊற்றி, கவரோடு சேர்த்துச் சப்பாத்தி மாவு மாதிரி பிசைய வேண்டும். எங்கும் ஒரே நிறம் வரும் வரை செலின் விடமாட்டாள். காய்கிறவரை காத்திருக்க முடியாதென்று ஆளுக்கு இரண்டு ஃபில்டர் வைத்திருந்தோம். இன்றைக்குக் கழுவுவது அடுத்த வாரம் மாட்ட, போன வாரம் பிசைந்தது இன்றைக்கு மாட்ட. பசியில் நான் முணுமுணுத்தால், "வண்டி முதல்ல மூச்சு விடட்டும்டி. நீ ஒண்ணும் இளைச்சுப் போயிட மாட்டே" என்பாள்.

இதையெல்லாம் படித்து அவள் தங்கம் என்று முடிவு கட்ட வேண்டாம். மகா பிடிவாதக்காரி. ஒரு ஞாயிறு என் வண்டி கிளம்பவே இல்லை. உதைத்து உதைத்து எனக்குக் கால் ஓய்ந்துவிட்டது. "எண்ணெயைக் கொட்டி ஊத்திருக்கே. எத்தனை தடவை சொல்றது? மூச்சு முட்டுது பாரு அதுக்கு" என்று தெருவே கேட்கும்படி என்னைத் திட்டினாள். மும்தாஜ் என் வண்டியின் ஃபில்டரைக் கழற்றினாள். உள்ளே அடைத்த துணி அப்படியே இருந்தது. போன வாரம் என் வண்டிக்கு ஃபில்டர் மாட்டியவள் செலின். துணியை வாங்கிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "சரி சரி, நேரமாகுது, வண்டியை எடு" என்றாள். மன்னிப்பு என்ற சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. மறுநாள் என் மேஜையில் ஒரு டப்பா பணியாரம் இருந்தது. யார் வைத்தது என்று கேட்டதற்கு, "எனக்கென்ன தெரியும்" என்றாள்.

கோயிலில் சில பெண்களுக்கு அவள் விரல்கள் உறுத்தின. நகக்கண்ணில் கறுப்போடு இருக்கிறவள் பீடத்துணியைத் தொடலாமா என்று பேசிக்கொண்டார்கள். அது காதுக்கு வந்ததும் செலின் பூசை முடிந்து வாசலில் நின்று அவர்கள் முன்னால் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். "கை அழுக்குக்கு சோப்பு இருக்குங்க. வாய் அழுக்குக்கு என்ன போடுவீங்க?" என்றாள். பிறகு, "யாராவது இந்த வேலையை எடுத்துக்கிறீங்கன்னா இப்பவே குடுத்துடுறேன்" என்றும் சேர்த்துக்கொண்டாள். வெளுக்கிற வேலைக்கு ஒருவரும் கை தூக்கவில்லை. கடைசி வரை அவள்தான் வெளுத்தாள்.

எங்கள் வீதியையும் அவள் விட்டுவைக்கவில்லை. ஒரு ஞாயிறு என்னை அழைத்துப் போகப் புழுதி படிந்த பேண்ட்டோடு வந்து நின்றாள். எதிர்வீட்டு மாமா, "ஏம்மா, பெருமாள் இருக்கற வீதியில பொம்மனாட்டிகள் இப்படிக் கிளம்பலாமோ?" என்றார். செலின் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "மாமா, உங்க பெருமாள் குதிரை வாகனத்துல வையாளி ஓடுறப்ப நானும் வந்து பார்த்திருக்கேன். அவர் ஓடுற ஓட்டத்துல கிளம்புற புழுதி நல்ல புழுதி, நாங்க கிளப்புறது கெட்ட புழுதியா?" மாமாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "போய்ட்டு ஜாக்கிரதையா வாங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். இழவுச் செய்தி கேட்டு முதலில் என்னிடம் கண் கலங்கியவரும் அவர்தான்.

ஆனால் செத்தவள் பதில் சொல்ல முடியாது என்பதால் ஊருக்குத் தைரியம் வந்துவிட்டது. அடக்கம் முடிவதற்குள் பொய் பொன்மலைப்பட்டி முழுக்கப் பரவியது. அது எங்கள் வீடுகளுக்குள்ளும் நுழைந்தது. மாரடைப்பு என்று தெரிந்தவர்களே, "இருந்தாலும் அந்த வண்டி குலுக்கின குலுக்கல்ல..." என்று இழுத்தார்கள். மும்தாஜை அவள் கொழுந்தன்மார் உட்காரவைத்துப் பேசினார்கள். என் கணவர், "போறும் வைதேகி. இனிமே வேண்டாமே" என்றார். அதட்டவில்லை, கெஞ்சினார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. இரண்டு பேரும் நிறுத்திவிட்டோம்.

சூசை அண்ணன் போன் செய்து என் வண்டியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். போனபோது செலினின் வண்டி இருந்த இடம் காலியாக இருந்தது. விற்றுவிட்டார்கள். அடக்கத்துக்கு வந்திருந்த ஜெரால்ட் தலையைக் குனிந்துகொண்டு, "மாமா சொன்னார் ஆன்ட்டி, நானும் சரின்னுட்டேன்" என்றான். உள்ளே செலினின் அண்ணி சமையலறையை ஒழித்துக்கொண்டிருந்தார். குப்பைக் கூடைக்குப் போகிற கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் எண்ணெயில் ஊறிச் சிவந்த பஞ்சு. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்காகச் செலின் பிசைந்து கட்டி வைத்தது. "ஐயோ, அது என்னோடது" என்று பாய்ந்து பிடுங்கிக்கொண்டேன். அப்பட்டமான பொய்தான். இதற்காக எனக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு முந்தைய வாரம் சூசை அண்ணன் என் வீட்டுக்கே வந்தார். "பூசை முடிஞ்சு நீங்க நாலு வார்த்தை பேசணும்மா. ஆபீஸ் வேலை, கோயில் வேலை எல்லாம் சொல்லுங்க. அந்த வண்டிய மட்டும் விட்டுடுங்க" என்றார்.

"ஏன் அண்ணா?"

"ஏற்கெனவே ஊரு ஒரு மாதிரி பேசுது. அவ பேரு கெட்டுடக் கூடாதுல்ல."

"அவ பேர் கெடலை அண்ணா. பொய்க்குப் பயந்துண்டு நாமளே வண்டியை மறைச்சா, பொய் சொன்னவா சொன்னது நிஜம்னு ஆயிடாதா?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தங்கையைப் பறிகொடுத்த மனிதரிடம் அதற்கு மேல் மல்லுக்கு நிற்க எனக்கு மனமில்லை. பாதிச் செலினைப் பற்றிப் பேச எனக்குத் தெரியாது என்று மட்டும் சொன்னேன். பூசைக்குப் போனேன், பேசவில்லை. அங்கே பேசாததைத்தான் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பூசை நடந்தது சனிக்கிழமை. அன்று ராத்திரி சாப்பிடும்போது கணவரிடம், "நாளைக்குப் போறேன்" என்றேன். சாதத்தில் மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டார். "ஹெல்மெட்டை மறக்காதே" என்றார். மும்தாஜுக்குப் போன் போட்டால், "நான் எப்பவோ ரெடி, உன் வாயிலேர்ந்து வரட்டும்னுதான் இருந்தேன்" என்கிறாள். செலின் பிசைந்து வைத்த ஃபில்டரை, மும்தாஜ் வீட்டில் நிறுத்தியிருந்த என் வண்டியில் மாட்டினேன். திருவெள்ளறையில் அன்று காற்றும் அதிகம், புழுதியும் அதிகம். நான் ஹெல்மெட்டுக்குள் சத்தம் போட்டு அழுதுகொண்டே ஓட்டினேன். ஒரு தடவைகூட விழவில்லை.

மும்தாஜ் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து ஃபில்டரைக் கழற்றினேன். மேல்பக்கம் முழுக்க மண் அப்பியிருந்தது. உள்பக்கம் துளி மண் இல்லை. செத்த பிறகும் அவள் வேலையில் குறை சொல்ல முடியவில்லை. மும்தாஜ் மண்ணெண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"இதைக் கழுவாதடி. அவ கை பட்ட எண்ணெய். அப்படியே எடுத்து வச்சுக்க. நான் உனக்கு வேற வாங்கித் தரேன்."

எனக்கும் அந்த ஆசை இருந்தது. கவரில் கட்டி அலமாரியில் வைத்து, நினைத்தபோது திறந்து பார்க்கலாம். ஆனால் பூசையில் மாலை போட்டு வைத்திருந்த அவள் படம் நினைவுக்கு வந்தது. பட்டுப்புடவை கட்டி, யாருக்கும் தொந்தரவு தராமல் அதில் உட்கார்ந்திருந்தாள். அவளை அப்படி எடுத்து வைத்துக்கொள்ள ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பஞ்சை மண்ணெண்ணெயில் அமுக்கினேன். செலினின் எண்ணெய் சிவப்பாகப் பிரிந்து மண்ணோடு மண்ணாக இறங்கியது. சோப்புப் போட்டு அலசி, பிழிந்து, நிழலில் வைத்தேன். காய்ந்த பிறகு என் எண்ணெயை ஊற்றி நானே பிசைந்தேன்.

அவள் கை பட்ட எண்ணெய் இப்போது என்னிடம் ஒரு துளியும் கிடையாது. அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஞாயிற்றுக்கிழமைகள். அவற்றை ஊர் கேட்டாலும் தர மாட்டேன், உறவு கேட்டாலும் தர மாட்டேன்.